பழுப்பு நிறம் சொல்லும் சேதி

டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றுநோய் எல்லாம் ஒன்றல்ல. புகையிலையால் வருவது ஒரு வகை, எச்.பி.வி. வைரஸால் வருவது இன்னொரு வகை. எப்படிப் பிரித்தறிவது?

கட்டியிலிருந்து எடுத்த மெல்லிய சீவலுக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பி16 என்ற புரதம் மிகுந்திருந்தால் செல்கள் பழுப்பாகத் தெரியும். பெரும்பாலும் அது வைரஸ் வகை. கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் கதிர்வீச்சும் கீமோவும் பெற்றவர்களைக் கவனித்தார்கள். மூன்றாண்டு கழித்து வைரஸ் வகையில் 100-க்கு 82 பேர் உயிரோடிருந்தார்கள். மற்ற வகையில் 57 பேர்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், "பி16 பார்த்தாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.