அகிலும் அஹாலிமும்

எபிரேய வேதாகமத்தில் 'அஹாலிம்' என்றொரு வாசனை மரத்தின் பெயர் வருகின்றது. ஈற்றிலுள்ள 'இம்' பன்மை விகுதி. அதனை நீக்கினால் எஞ்சுவது 'அஹால்'. 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் இதனை நமது 'அகில்' என்ற சொல்லுடன் தொடர்புபடுத்தினார். நானும் பல்லாண்டுகளாக இதனை முடிந்த முடிபாகவே வகுப்பில் பெருமிதத்துடன் கூறிவந்தேன்.

ஒருநாள் கிறிஸ்தவ மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எங்களுடைய தமிழ் வேதாகமத்தில் சந்தனம் என்றுதானே இருக்கிறது?" என்றான். எனக்கு விடை வரவில்லை.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். நீதிமொழிகள் 7ஆம் அதிகாரத்தில் அஹாலிம், படுக்கைக்கு மணமூட்டும் பொருள். இது அகிலுக்குப் பொருந்தும். காயம்பட்ட அகில் மரத்தில் பூஞ்சணம் தொற்றும்போது ஊறும் பிசினே அந்த மணம். கடல் கடந்து விற்கத்தக்க பண்டம். ஆனால் எண்ணாகமம் 24ஆம் அதிகாரத்திலோ அஹாலிம் இறைவன் நாட்டிய மரம். அகில், அசாம் முதலிய கீழைத்தேயக் காடுகளுக்குரியது, பலஸ்தீனத்து மரமன்று. வடமொழியில் 'அகரு' என்ற சொல்லும் உண்டு. எனவே, சொல் தமிழிலிருந்தே சென்றது என அறுதியிட முடியாது.

எனினும் ஒன்று உண்டு. பட்டினப்பாலை, சந்தனத்தையும் அகிலையும் மேற்கு மலையில் விளைந்த இருவேறு பண்டங்களாகவே கூறும். அஹாலிம் அகிலேயாயின், அச்சொல் தமிழ் வேதாகமத்தின் வாசல்வரை வந்தும் சந்தனத்துக்கு இடம்விட்டு நின்றுவிட்டது.

மறுநாள் அம்மாணவனிடம், "தொடர்பு இருக்கலாம், உறுதியில்லை. இதுவரை நான் கூடுதலாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். அப்படிச் சொன்னதால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.