எபிசோட் 41: ஷிராஸில் கோயில் இட்லி வாசனை

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

காபி எபிசோட் கேட்டுட்டு, "அடுத்து ஒயின் பற்றிச் சொல்லுங்க"ன்னு சிலர் எழுதியிருந்தீங்க. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இது குடிக்கச் சொல்ற எபிசோட் இல்ல. காஞ்சிபுரத்துல நெசவுக்காரங்க தெருவுல வளர்ந்தவன் நான். கூலி வாங்கின அன்னைக்குக் குடி ஒரு வீட்டை என்ன பண்ணும்னு பார்த்திருக்கேன். இன்னைக்குப் பேசப்போறது திராட்சை வகைகளையும் அதோட வாசனைகளையும் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பெங்களூரு பக்கத்துல ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு டீம் அவுட்டிங் போனோம். கிளாஸ்ல கொஞ்சமா ஷிராஸ் ஊத்திக் கொடுத்து, "என்ன வாசனை வருது?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க பிளாக்பெர்ரி, லெதர்னு அடுக்கினாங்க. நான் பிளாக்பெர்ரியைக் கண்ணால பார்த்தது கூட இல்ல. மனசுல பட்டதைச் சொன்னேன்: "எங்க ஊர் கோயில் இட்லி." எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அன்னைக்கு நான் வாயே திறக்கல.

ஆனா விஷயம் உள்ளே உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். வரதராஜப் பெருமாள் கோயில்ல படைக்கிற இட்லியில மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் தட்டிப் போடுவாங்க. மிளகுக்கு அந்த வாசனையைக் கொடுக்கிறது ரொட்டண்டோன்னு ஒரு பொருள். 2008-ல ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே பொருள்தான் ஷிராஸ்லயும் மிளகு வாசனையைத் தருதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரு லிட்டர்ல ஒரு கிராமோட நூறு கோடியில சில பங்கு இருந்தாலே போதும், மூக்கு பிடிச்சுடும். அதே ஆய்வுல, ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வாசனை தெரியவே இல்ல! எல்லா ஷிராஸ்லயும் மிளகு இருக்காது. குளிர்ச்சியான இடத்துல விளைஞ்சா மிளகு தூக்கலா இருக்கும். வெயில் ஜாஸ்தின்னா பழ ஜாம் மாதிரி ஆயிடும்.

சரி, மற்ற வகைகளுக்கு வருவோம். சாவின்யோன் பிளாங் வெள்ளை ஒயின். புளிப்பு தூக்கலா, பச்சை வாசனையோட இருக்கும். குடைமிளகாயை நறுக்கினதும் ஒரு வாசனை வரும் பாருங்க, அதுக்குக் காரணமான மெத்தாக்ஸிபைரசின் இதுலயும் இருக்கு. கேபர்னே சாவின்யோன் சிவப்பு ஒயின். ஆனா அதுலயும் இந்தக் குடைமிளகாய் எட்டிப் பார்க்கும். ஏன்? 1997-ல டிஎன்ஏ சோதனை பண்ணினப்போ, கேபர்னே ஃபிராங்கும் சாவின்யோன் பிளாங்கும் சேர்ந்து பிறந்த பிள்ளைதான் அதுன்னு தெரிஞ்சுது. வாசனை பெத்தவங்க கிட்டேர்ந்து வந்த சொத்து.

கேபர்னேக்குத் தோல் தடிப்பு. சிவப்பு ஒயினோட நிறம் தோல்லேர்ந்து வருது. துவர்ப்பு தோல்லேர்ந்தும் விதையிலேர்ந்தும் வருது. அதனாலதான் பால் ஊத்தாத கடுந்தேநீர் குடிச்ச மாதிரி நாக்கு இழுக்கும். பினோ நுவாருக்குத் தோல் மெல்லிசு, அதான் நிறமும் துவர்ப்பும் குறைச்சல்.

ஷார்டனே எனக்குப் பிடிச்ச உதாரணம். அதுக்குன்னு பெரிய வாசனை கிடையாது. சாயம் போடாத பட்டு நூல் மாதிரி, செய்யறவர் கைதான் பேசும். சிலதுல வெண்ணெய் வாசனை வரும். பாக்டீரியா புளிப்பை மாத்தும்போது உண்டாகிற டைஅசிட்டைல்தான் காரணம். பாப்கார்ன்ல வர்ற வெண்ணெய் வாசனையும் அதுவே.

இப்போ நம்ம ஊர் திராட்சை. தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்குல பந்தல்ல தொங்குற பன்னீர் திராட்சை. உலகத்துக்கு அது மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்துல அறுவடை நடந்துகிட்டே இருக்கும். பெரும்பாலும் பழமாத்தான் சாப்பிடறோம். மஸ்கட் குடும்பத்துக்கே ஒரு விசேஷம்: பழத்தோட வாசனை ஒயின்லயும் அப்படியே நிக்கும். மத்த வகைகள்ல அது அபூர்வம். அந்த வாசனைக்குக் காரணம் லினலூல், ஜெரானியால்னு ரெண்டு பொருள். லினலூல் நம்ம தனியாவுல நிறைய இருக்கு. ஜெரானியால் ரோஜாவுல இருக்கு.

ரோஜாவுலேர்ந்து எடுக்கிறதுதானே பன்னீர்? கல்யாண வாசல்ல தெளிப்பாங்களே, அது. ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாம ஒருத்தர் முகர்ந்து பார்த்துப் பேர் வெச்சிருக்கார். அந்தப் பேர் வேதியியலுக்கும் பொருந்துது.

போன மாசம் வீட்டுக்குப் போனப்போ அரை கிலோ பன்னீர் திராட்சை வாங்கிட்டுப் போனேன். தறியிலேர்ந்து எழுந்து வந்த அப்பா கிட்ட ஒண்ணு கொடுத்து, "என்ன வாசனை வருதுப்பா?"ன்னு கேட்டேன். நூலைத் தொட்டே தரம் சொல்றவர் அவர். கசக்கி முகர்ந்துட்டு, "உங்க அத்தை கல்யாணம்"ன்னார். நான் சிரிக்கல.

உங்களுக்கு ஒரு வேலை. பாட்டில் வேண்டாம். மிளகு ரெண்டு, குடைமிளகாய்த் துண்டு ஒண்ணு, தனியா ஒரு சிட்டிகை, பன்னீர் திராட்சை ஒண்ணு. ஒவ்வொண்ணா நசுக்கி, கண்ணை மூடி முகர்ந்து பாருங்க. என்ன ஞாபகம் வருதோ அதை அப்படியே எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வரட்டுமா?