கணினித் தமிழ் மாநாடுகளும் நம் தோட்டத்துப் பட்டியலும்

(ஆலய ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான நம் செயற்குழு உறுப்பினர் ஆற்றிய உரை)

 

கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு இந்த வாத்தியார் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். அதற்குக் காரணம் நம் அலுவலக அலமாரி. அதைத் துப்புரவு செய்தபோது இரண்டு டிஸ்கெட்டுகள் கிடைத்தன. ஒன்றின் மேல் என் கையெழுத்திலேயே "தோட்டத்து நன்கொடையாளர் பட்டியல், 1996" என்று எழுதியிருந்தது.

அது எந்தப் பட்டியல் என்று மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டம் கைமாறி, லயங்கள் காலியாகி, சனங்கள் சுங்கை பட்டாணிக்கும் பாடாங் செராய்க்கும் கூலிமுக்கும் பிரிந்துபோன காலம். பால்மரம் வெட்டிய கூலியில் மாதம் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்து இக்கோயிலை எழுப்பிய குடும்பங்களின் பெயர்கள் ஒரு பழைய பேரேட்டில் இருந்தன. கரையான் தின்றுவிடுமே என்று பட்டணத்து அச்சகம் ஒன்றில் உட்கார்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றினேன். பிறகு வெள்ளத்தில் பேரேடு போயிற்று. டிஸ்கெட்டு இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகள் கூலிம் தொழிற்சாலையில் பொறியியலாளர். அவர் எங்கிருந்தோ ஒரு பழைய கருவியைத் தேடிப்பிடித்து டிஸ்கெட்டைத் திறந்தார். திரையில் தமிழே இல்லை. கோடும் புள்ளியும், தலைகீழ் வினாக்குறியும், மீசை வைத்த ஆங்கில எழுத்துமாக வந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்தக் குப்பைக்குள் இருந்தன.

ஏன் இப்படி? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அக்காலத்து முறையில் எழுத்துகளுக்கு 256 இடங்கள். அதில் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதியுள்ள 128க்குள் நம் 247 எழுத்துகளை அடைக்க வேண்டும். ஆகவே கொம்பைத் தனியாக, காலைத் தனியாக வைத்து, தமிழ்ச் செயலி செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அடுக்கினார்கள். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ப' வைத்தார். ஒரே தெருவில் ஒவ்வொரு தபால்காரரும் தன் இஷ்டத்துக்கு வீட்டு எண் போட்டால் கடிதம் யார் வீட்டுக்குப் போகும்?

இதனால் வாங்கியவருக்கும் நஷ்டம், விற்றவருக்கும் நஷ்டம். தமிழுக்கு எழுத்துரு செய்தவர்கள் பெரும்பாலும் ஓரிருவர் கூடி நடத்திய சிறு நிறுவனத்தார். இன்று 'ஸ்டார்ட் அப்' என்கிறோமே, அந்த வகை. ஏற்கெனவே சிறிய தமிழ்ச் சந்தையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு ஆளுக்கொரு துண்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதைத் தீர்க்கப் பலரைக் கூட்டிவைத்தவர்களில் முதன்மையானவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. அவர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். (வாத்தியார் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை.) 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது அதில் தமிழும் இடம்பெற உழைத்தவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்தது. அதே ஆண்டு மே மாதம் அவர் காலமாகிவிட்டார். 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001இல் நம் கோலாலம்பூரிலும், 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மாநாடு நடந்தது.

நம்மவர் மாநாடு என்றால் மாலையும் பொன்னாடையும் உண்டு, முடிவில் யாரும் படிக்காத தீர்மானமும் உண்டு. அதில் நானும் கைதட்டியவன்தான். இங்கேயும் எல்லாம் இனிதே முடிந்துவிடவில்லை. 1999 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒரே விசைப்பலகையை அறிவித்தது. ஆனால் எழுத்துகளின் அடுக்குமுறைக்கு டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. வெளிநாட்டுத் தமிழர் பலர் 'திஸ்கி' என்ற மூன்றாவதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை பல ஆண்டு ஓடியது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், 2010இல்தான் தமிழக அரசு அதை ஏற்றது. ஆனாலும் போட்டி நிறுவனத்தார் ஒரே மேசையில் உட்கார்ந்து தத்தம் அடுக்கை எடுத்துவைத்து வாதாடினார்களே, அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

அதில் நம் நாட்டு முத்து நெடுமாறனும் ஒருவர். 1980களிலேயே 'முரசு' செயலியைத் தொடங்கியவர், பின்னாளில் உத்தமத்துக்கும் தலைமை வகித்தார். 2005இல் அவருடைய 'செல்லினம்' கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தது. ஆப்பிள் கணினியில் வரும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் கைவண்ணமே. எண்கள் பொதுவான பிறகு, சிறு நிறுவனம் செய்த பொருளையும் எந்த ஊர்த் தமிழரும் பயன்படுத்தலாம் என்றாயிற்று. இக்கால மாநாடுகளில் இளைஞர்களை முதலீட்டாளர்களோடு சந்திக்கவைக்கிறார்கள், போட்டி வைத்துப் பரிசு தருகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் எல்லாரும் நடக்கப் பொதுவான பாதை போட்டுத் தருவது பரிசுப் பணத்தைவிடப் பெரிய உதவி.

நான் அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்த அதே 1996இல்தான் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நம் பெண்பிள்ளைகள் விடியலில் தொழிற்சாலை பஸ் ஏறிப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இன்று சொந்தமாகச் செயலி செய்யப் பார்க்கிறார்கள். நம் மண்டபத்தில் ஞாயிறு மாலை கூடவும், பழைய கணினிகள் சில வாங்கவும் உதவி கேட்டார்கள். "சாமிக்கு என்று கொடுத்த காசை இதற்கு எடுப்பதா?" என்று செயற்குழுவில் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அன்னதானத்துக்கு வந்த வெள்ளி அன்னதானத்துக்கே. ஆகவே இதற்குத் தனிக் கணக்கு, தனி ரசீது. விரும்பியவர் கொடுக்கலாம், யாரையும் வற்புறுத்தமாட்டோம்.

டிஸ்கெட்டுக்கு வருகிறேன். அச்சகம் எந்த எழுத்துரு வைத்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. அச்சகமும் இப்போது இல்லை. "ஐயா, முதல் வரியில் என்ன எழுதியிருப்பீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டார். சந்தேகமே இல்லை, "சிவமயம்" என்றேன். தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்துவைத்திருக்கும் எழுத்து மாற்றிகளில் பழைய அடுக்குமுறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நான்காவது முறை "சிவமயம்" என்று வந்தது. அதன் கீழே பெயர்கள் வரிசையாக நின்றன. சொல்ல வெட்கமில்லை, அழுதுவிட்டேன். மறுவாரம் அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் இளைஞர் வந்து, தம் பாட்டியின் பெயரையும் எதிரே இருந்த ஒரு வெள்ளியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது டிஸ்கெட்டு பூஞ்சை பிடித்துவிட்டது, திறக்கவில்லை. கடைசி இரண்டு லயத்தார் பெயர்கள் அதில்தான் இருந்தன. அந்த லயங்களில் வாழ்ந்தவர்கள் பழைய ரசீது, அழைப்பிதழ், திருவிழாப் படம் எதுவானாலும் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எடுத்துவாருங்கள். பிள்ளைகள் படம் பிடித்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.