இரகசியச் சங்கங்களும் அரசியற் புரட்சிகளும்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகத்தில் சரித்திரம் பயிலும் மாணவன் என்ற முறையில் ஏதேனும் பேசும்படி செயலாளர் பணித்தார். நாம் அனைவரும் நாள்தோறும் காதாற் கேட்டும், ஆராய்ந்து பாராமல் விட்டுவிடுகின்ற ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாட்டிலே அரசு கவிழ்ந்தாலும், கலகம் மூண்டாலும், வேலைநிறுத்தம் பரவினாலும், உடனே எழுகின்ற பேச்சு ஒன்று உண்டு. "இதற்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது, எல்லாம் திட்டம் போட்டுச் செய்தது" என்பதே அது. பெரியவர்கள் லயத்துத் திண்ணையிலிருந்து இதனைச் சொல்கிறார்கள். இளைஞர்கள் கைத்தொலைபேசியிற் பார்த்துச் சொல்கிறார்கள். வேறுபாடு அவ்வளவே. இப்பேச்சு எங்கே தோன்றியது, இதில் எவ்வளவு உண்மை உண்டு, இதனால் நமக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இன்று சிந்திப்போம்.

முதலிற் பிரான்சு தேசத்தைப் பார்ப்போம். நான் கற்ற மிஷன் பாடசாலையில் 1789ஆம் ஆண்டுப் புரட்சியை நெடுநாட் படித்தோம். ஆனால் அப்புரட்சி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதைப் பற்றி எழுந்த ஒரு கதையைப் பாடநூலிற் காணவில்லை. ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில், இங்கொல்ஸ்டாட் நகரிலே, அடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் 1776 மே 1ஆம் திகதி ஒரு சிறு இரகசியச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு இலுமினாட்டி என்று பெயர். 1784, 1785ஆம் ஆண்டுகளில் பவேரிய அரசு இரகசியச் சங்கங்களைத் தடை செய்யவே, அது சிதைந்து போயிற்று. ஆயினும் 1797இல் பரூவெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும், எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் றொபிசனும் தனித்தனியே நூல்கள் வெளியிட்டனர். பிரெஞ்சுப் புரட்சியை மூட்டியவர்கள் இலுமினாட்டிகளும் பிறீமேசன்களுமே என்பது அவர்கள் முடிவு. இன்று நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் இலுமினாட்டிக் கதைகளுக்கு மூலம் அந்த இரு நூல்களே.

உண்மையில் நடந்தது என்ன? அமெரிக்க யுத்தத்திற்கு உதவியதனாற் பிரெஞ்சு அரசின் கடன் மலைபோற் குவிந்திருந்தது. 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. அதன்பின் கடுங்குளிர் வந்தது. ரொட்டியின் விலை ஏறியது. 1614க்குப் பின் கூட்டப்படாதிருந்த மகாசபையை மன்னன் 1789 மே மாதத்திற் கூட்ட நேர்ந்தது. அக்டோபரில் பாரிஸ் நகரப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சேய் அரண்மனைக்கு நடந்தே சென்றார்கள். பசித்த வயிற்றை நடத்திச் செல்ல இரகசியச் சங்கம் எதற்கு? அப்புரட்சியின் தொடக்கத்தில் முன்னின்ற மூனியே என்பவரே 1801இல் ஒரு நூல் எழுதி, இந்தச் சதிக் கதையை மறுத்தார். மறுப்பை நினைவில் வைத்திருப்போர் இன்று வெகு சிலர். கதையை அறியாதோர் இல்லை. கதைக்கு உள்ள கால்கள் மறுப்புக்கு இல்லை.

அன்பர்களே, பிரான்சு தூர தேசம். நாம் வாழும் இந்தச் சப்பிரகமுவ மாகாணத்துக்கே வருவோம்.

1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் திருநாளன்று, கண்டியிலே சிங்களவருக்கும் சோனகருக்கும் இடையே கலகம் மூண்டது. அதற்கு முன்பே கம்பளையில் தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் முழங்கிச் செல்லலாமா என்ற வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் 1915 பெப்ரவரியிற் சிங்களவருக்குப் பாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. யுத்த காலமாதலாற் பண்டங்களின் விலையும் ஏறியிருந்தது. கடைக்காரர்மீது கிராமத்தவருக்குக் கோபமும் இருந்தது. கலகம் சில நாட்களிலேயே மேல் மாகாணத்துக்கும், நமது கேகாலைப் பக்கத்துக்கும், வேறு மாகாணங்களுக்கும் பரவியது. ஏறத்தாழ 4,000 கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன. நிரபராதிகளான முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தார்கள்.

அப்போது ஆங்கில அதிகாரிகள் பலர் என்ன நினைத்தார்கள்? இத்தனை ஊர்களில் இத்தனை விரைவிற் கலகம் பரவுவதானால், இது முன்னரே திட்டமிட்ட இராசத் துரோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அவர்கள் அச்சத்துக்குச் சில காரணங்களும் இருந்தன. ஜேர்மனியோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்திருந்தார்கள். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய்ச் சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இவையெல்லாம் ஒன்றுசேர, சாராயக் கடைகளை எதிர்த்து ஊரூராகக் கூட்டம் போட்டுவந்த மதுவிலக்குச் சங்கங்களே அந்த இரகசியக் கூட்டம் என்று அதிகாரிகளின் கண்ணுக்குத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழியன்றோ?

அந்தப் பேயைப் பிடிக்கப் போய் அவர்கள் செய்தது பெருங்கொடுமை. ஜூன் 2ஆம் திகதி தொடங்கிய இராணுவச் சட்டம், கலகம் அடங்கி வெகுநாள் ஆகியும், ஓகஸ்ட் இறுதி வரை நீடித்தது. எஃப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலிய மதுவிலக்குத் தலைவர்கள் சிறையிடப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இருபத்தாறு வயது இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலவின் சகோதரர் எட்மண்ட் ஹேவாவிதாரண யாழ்ப்பாணச் சிறையில் நோயுற்று மாண்டார். இத்தனைக்கும் பின், நாடளாவிய சதி ஒன்று இருந்ததற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. கதை பொய், உயிர் போனது மட்டும் மெய்.

இந்த இடத்தில் ஒரு தமிழரை நினைக்காமல் இருக்க முடியாது. சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சட்டநிரூபண சபையில் எழுந்து, சதி என்ற வாதத்தைத் துண்டு துண்டாக மறுத்தார். யுத்த அபாயத்தையும் பாராமற் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்று வாதாடினார். 1916இல் ஒரு நூலும் வெளியிட்டார். தேசாதிபதி சால்மர்ஸ் 1915 இறுதியில் இலங்கையை விட்டுச் சென்றார். இராமநாதன் திரும்பி வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவர் வண்டியை இழுத்துச் சென்றதாகச் சரித்திரம் கூறுகிறது. ஆயினும் நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். அவர் அரசாங்கத்தின் கொடுமையைப் பேசிய அளவுக்கு, கடையும் உயிரும் இழந்த முஸ்லிம்களின் துயரைப் பேசவில்லை என்ற மனத்தாங்கல் அச்சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது. பெரியோரைப் போற்றும்போதும் இதனை மறைப்பது முறையன்று.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். அரசாங்கத்திடம் மட்டுமா சதிக் கதை இருந்தது? சோனகர் திரண்டு வருகிறார்கள், விகாரைகளை இடிக்கப் போகிறார்கள் என்ற வதந்தி கிராமங்களிற் பரவியதும் கலகம் பெருகக் காரணமாயிற்று. கிராமத்தான் சோனகன் சதி செய்கிறான் என்று நம்பினான். அதிகாரி கிராமத்தான் சதி செய்கிறான் என்று நம்பினான். இரு பக்கத்திலும் அச்சம் ஒன்றே. அடி விழுந்தது இரு பக்கத்திலும் எளியவன்மீதே.

"அப்படியானால் இரகசியச் சங்கமே உலகத்தில் இல்லையா, தம்பி?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உண்டு. 1911 ஜூன் 17ஆம் திகதி மணியாச்சிச் சந்தியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் ஓர் இரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவரே. நமது மாகாணத்திலேயே, 1971 ஏப்ரல் 5ஆம் திகதி ஜனதா விமுக்தி பெரமுன நாட்டின் பல பகுதிகளிற் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது, கேகாலை மாவட்டம் அக்கிளர்ச்சியின் முக்கிய களங்களில் ஒன்றாயிற்று. இரகசிய வகுப்புகள் நடத்தி, ஆயுதம் சேர்த்து, உண்மையாகவே திட்டமிட்ட இயக்கம் அது. ஆனால் படித்தும் தொழிலற்றிருந்த கிராமத்து இளைஞர் ஆயிரக்கணக்கில் இல்லாதிருந்தால், அந்த வகுப்புகளுக்கு யார் போயிருப்பார்கள்? சங்கம் தீக்குச்சியைக் கிழிக்கலாம். காய்ந்த விறகை அது உண்டாக்குவதில்லை.

அந்த இரகசிய வகுப்புகள் ஐந்தில் ஒன்று நம்மைப் பற்றியது என்பதை இங்குள்ள இளைஞர் அறிய வேண்டும். "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்பது அதன் தலைப்பு. தோட்டத் தொழிலாளர் அந்நிய வல்லரசு ஒன்றின் கையாட்கள் என்ற கருத்து அதிலே போதிக்கப்பட்டது. யாரைக் கையாட்கள் என்றார்கள்? பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வயிறு கழுவியவர்களை! 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களை! 1964 அக்டோபர் 30ஆம் திகதி இரு பிரதமர்கள் கைச்சாத்திட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டவர்களை! ஒரு வாக்குச் சீட்டுக் கூட இல்லாதவன் ஒரு வல்லரசின் கையாள் என்றால், அதை நம்புவதற்கு எவ்வளவு அச்சம் வேண்டும்? அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் பிரதமர், 1915இற் பொய்ச் சந்தேகத்தாற் சிறை சென்ற அதே டி. எஸ். சேனநாயக்கா. சந்தேகத்தின் கொடுமையை அனுபவித்தவர்கூட, பிறர்மேல் அதே சந்தேகத்தைச் சுமத்தக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நம்மவர் தாக்கப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1983 ஜூலையிலே நாடெங்கும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, அரசாங்கம் அதனை இடதுசாரிகளின் சதி என்று அறிவித்து மூன்று கட்சிகளைத் தடை செய்தது. அந்தச் சதி நிரூபிக்கப்படவேயில்லை. ஆனால் "சதி" என்ற ஒரு சொல், கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் மூடிவிட்டது. அதோடு, தடை செய்யப்பட்ட ஜனதா விமுக்தி பெரமுன தலைமறைவாகி, 1987 முதல் 1989 வரை இரத்தம் பெருகிய இரண்டாம் கிளர்ச்சியை நடத்தியது. இல்லாத சதியைத் தேடியவர்கள் உள்ள சதிக்கு வழி திறந்துவிட்டார்கள்.

ஆகவே, இப்படிப்பட்ட கதை ஒன்று காதில் விழுந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன? மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று விண்ணப்பிக்கிறேன்.

முதலாவது, சான்று எது? வைஸ்ஹாப்ட்டின் சங்கம் இருந்தது உண்மை. அது புரட்சியை நடத்தியது என்பதற்குச் சான்றில்லை. ஒன்று இருந்தது என்பதும், அதுதான் செய்தது என்பதும் வேறு வேறு.

இரண்டாவது, சதியை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் நடந்ததற்குக் காரணம் தெரிகிறதா? விலையேற்றம், பசி, வேலையின்மை, அநீதியான சட்டம் ஆகியவை கண்முன்னே இருக்க, கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தைத் தேடுவானேன்? நம் முன்னோர் சம்பளம் கேட்டு நின்றபோதும், யாரோ வெளியார் தூண்டிவிட்டார்கள் என்று சொன்ன துரைமார் உண்டு. நம் அரிசிப் பானை காலியாயிருந்ததை நமக்கு யாரும் இரகசியமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, இந்தக் கதையை நம்பினால் அடி யார்மேல் விழும்? இதுவே தலையாய கேள்வி. 2018 பெப்ரவரியில் அம்பாறையிலே ஒரு முஸ்லிம் உணவகத்தில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்ற கதை பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. 1915இல் வதந்தி நடந்து போயிற்று. 2018இல் அது பறந்து போயிற்று. வேறு மாற்றமில்லை.

வள்ளுவர் அறிவுக்கு இலக்கணம் வகுத்த இடத்தில், சொல்பவரைப் பாராமற் சொல்லின் உண்மையைப் பார்க்கும்படி சொன்னார். அதனைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். தொலைபேசியைத் திறக்கும்போதும் நினைவில் வைப்போமாக. முஸ்லிம் அயலவரைப் பற்றியோ, சிங்கள அயலவரைப் பற்றியோ இத்தகைய கதை ஒன்று நம் கைக்கு வரும்போது, அதனை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்தும் கை நம் மன்றத்து இளைஞனின் கையாக இருக்கட்டும். கையாட்கள் என்று பொய்யாகப் பழிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாம். அந்தப் பழியின் கனம் நமக்குத் தெரியும். அதை இன்னொருவர் தலையில் ஏற்றி வைக்க நமக்கு உரிமையில்லை.