எந்நூற் பாடல்?



முத்தொள்ளாயிரம் பற்றி மாணவர் ஒருவர் அளித்த கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். நடை எங்கோ கண்டதாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழை காட்டிக்கொடுத்துவிட்டது. என் பழைய கட்டுரையில் நேர்ந்த பிழை அது! (பிழையையாவது அவர் எனக்கே விட்டிருக்கலாம்.)

அழைத்துக் கேட்டேன். "நன்றாக இருந்தது ஐயா, எடுத்துக்கொண்டேன்" என்றார்.

வையாபுரிப்பிள்ளை 1938இல் பதிப்பித்த புறத்திரட்டை அவர் கையில் கொடுத்தேன். அதனைத் தொகுத்தவர் பெயர் அறியக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் எடுத்த பாடல் எந்நூலது என்று குறித்துவைத்தார். முத்தொள்ளாயிரம் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. இன்று நாம் சுவைக்கும் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் பெரிதும் அக்குறிப்பால் பிழைத்தவை. தகடூர் யாத்திரைப் பாடல்கள் பலவும் அவ்வாறே. பழைய உரைகளிலோ நூற்பெயரின்றி வரும் மேற்கோள்கள் எத்தனை! எவர் பாட்டு, எக்காலத்தது என்று தெரியாமல் அவை அநாதைகளாக நிற்கின்றன.

மறுவாரம் அம்மாணவர் கட்டுரையைப் புதிதாக எழுதிவந்தார். அடிக்குறிப்பில் என் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் இருந்தன. பிறகு தயங்கியபடி, "இந்தக் கருத்து உங்களுக்கு எங்கே கிடைத்தது, ஐயா?" என்று கேட்டார்.

என் ஆசிரியர் வகுப்பில் சொன்னது. என் கட்டுரையில் அவர் பெயர் இல்லை.