எதையும் ஏற்கும் பெட்டியும் இனம் பார்க்கும் பெட்டியும்



கம்ப்யூட்டர் தவறே செய்யாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனிதர் எழுதிக் கொடுத்த கட்டளைகளைப் பின்பற்றியே அது இயங்குகிறது. கட்டளையில் பிழை இருந்தால் விடையிலும் பிழை வரும். அந்தப் பிழையை எந்த இடத்தில் தடுப்பது நல்லது? பொருளை எடுக்கும் இடத்திலா, வைக்கும் இடத்திலா? இன்று இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உலகறிந்த ஒரு கம்பைலரில் 2012 முதல் நடந்த சீர்திருத்தம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கம்பைலர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர். மனிதர் படிக்கக்கூடிய சொற்களில் எழுதிய நிரலை, இயந்திரம் அறிந்த எண்களாக அது மாற்றித் தருகிறது. அதோடு, மாணவரின் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரைப் போல, ‘இந்த வரியில் பிழை இருக்கிறது’ என்று சுட்டிக்காட்டும் வேலையையும் செய்கிறது. நாம் பார்க்கப் போகும் கம்பைலரின் பெயர் ஜி.சி.சி. இதனை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்டார். எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு அது வெளிவந்தது. லினக்ஸ் என்னும் அமைப்பின் உட்கருவை நெடுங்காலமாக உருவாக்கித் தந்தது இந்தக் கம்பைலரே.

ஒரு நிரலை மொழிபெயர்க்கும்போது கம்பைலர் ஆயிரக்கணக்கான பெயர்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். செக்ரோலில் ஒருவர் பெயரைத் தேடும்போது முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் பொழுது போய்விடும். ஆகவே கம்ப்யூட்டர் அறிஞர்கள் ஹாஷ் டேபிள் என்னும் அட்டவணையைக் கண்டார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இலேயே இந்தக் கருத்தை எழுதி வைத்தார்.

அதன் முறை எளியது. காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். 7 அறைகள் உள்ள ஒரு பெட்டியை எண்ணிக் கொள்ளுங்கள். அறைகளுக்கு 0 முதல் 6 வரை எண் இடுங்கள். ஒரு பெயரைக் கணக்குப்படி எண்ணாக மாற்றுகிறோம். 38 வந்ததாக வைத்துக்கொள்வோம். 38-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே அது 3-ஆம் அறைக்குப் போகும். மீண்டும் தேடும்போதும் அதே கணக்கு, அதே அறை. மற்ற அறைகளைத் திறக்க வேண்டியதில்லை. 45 என்ற எண் வந்தால் அதற்கும் மீதி 3 தான். அறையில் ஏற்கெனவே ஆள் இருந்தால், இரண்டாவது கணக்கு ஒன்று போட்டு வேறு அறை தேடப்படும். ஜி.சி.சி.யின் அட்டவணை முக்கால் பங்கு நிரம்பிவிட்டால் 13, 31 என்று பெரிய பகா எண்ணுக்கு வளர்ந்து, உள்ளே இருப்பவற்றை மீண்டும் அடுக்கிக் கொள்ளும்.

இதுவரை குறை ஒன்றுமில்லை. குறை, அறைக்குள் வைத்த பொருளில் இருந்தது.

ஜி.சி.சி. தொடக்கத்தில் சி என்னும் மொழியில் எழுதப்பட்டது. பெயர்கள், எண்கள், நிரலின் துண்டுகள் என்று பல இனப் பொருள்களுக்கும் ஒரே விதமான பெட்டி போதும் என்று சிக்கனமாக எண்ணி, ஒவ்வோர் அறையிலும் பொருளின் முகவரியை மட்டும் வைத்தார்கள். அந்த முகவரியில் இருப்பது எந்த இனப் பொருள் என்று பெட்டி குறித்துக்கொள்ளவில்லை. சி மொழியில் இதற்கு வாய்டு சுட்டி என்று பெயர். எடுப்பவர், ‘இது இன்ன பொருள்’ என்று தம் நினைவை நம்பிச் சொல்லிக்கொண்டு எடுக்க வேண்டும். இரண்டு பொருள்கள் ஒன்றுதானா என்று ஒப்பிடும் கட்டளையையும் தனியாகக் கொடுக்க வேண்டும். அதையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் சி மொழிக் கம்பைலர் வாய் திறக்காது. அதன் பார்வையில் எல்லாம் வெறும் முகவரிகளே.

தோட்டத்து வீடுகளில் நாம் அடிக்கடி எச்சரிக்கும் ஒன்றை இங்கே நினைத்துப் பாருங்கள். புல் மருந்தைப் பழைய குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கக் கூடாது என்கிறோம். ஏன்? போத்தல் எதையும் ஏற்றுக்கொள்ளும். ஊற்றியவருக்கு உள்ளே இருப்பது தெரியும். தாகத்தோடு வரும் பிள்ளைக்குத் தெரியாது. பிழை நடந்தது ஊற்றிய நாளில், ஆனால் கேடு வெளிப்படுவது குடிக்கும் நாளில். இனம் பார்க்காத பெட்டியும் அப்படித்தான். பிழையாக வைத்த இடம் ஒன்று, நிரல் நின்றுபோகும் இடம் வேறொன்று. இடையில் பல்லாயிரம் வரிகள் இருக்கலாம். நிரல் நின்றுபோனாலாவது பிழை இருப்பது தெரியும். நிற்காமல் தவறான விடையைத் தந்துவிட்டால் அது இன்னும் பெரிய ஆபத்து. கம்பைலரில் பிழை இருந்தால், அது உருவாக்கித் தரும் மற்ற நிரல்களிலும் அந்தப் பிழை புகுந்துகொள்ளக் கூடும்.

மருந்துக்கு வழி என்ன? போத்தலின் மேல் பெயர் எழுதுவது ஒரு வழி. அதனினும் நல்ல வழி, வேறு பொருளை ஊற்றவே முடியாதபடி போத்தலின் வாயை அமைப்பது. ஜி.சி.சி.யில் செய்தது இந்த இரண்டாவது வழி.

ஜி.சி.சி.யின் வழிநடத்தும் குழு 2010-இல், சி பிளஸ் பிளஸ் என்னும் மொழியையும் பயன்படுத்தலாம் என்று இசைவு தந்தது. அந்த மொழியில் டெம்ப்ளேட் என்று ஒன்று உண்டு. அதை ஓர் அச்சு என்று சொல்லலாம். பெட்டியின் அமைப்பை ஒரே முறை எழுதினால் போதும். பிறகு ‘இது பெயர்களுக்கான பெட்டி’, ‘இது நிரல் துண்டுகளுக்கான பெட்டி’ என்று இனத்தைச் சொன்னால், அந்தந்த இனத்துக்கு ஏற்ற பெட்டியை மொழியே வார்த்துத் தரும். பெயர்ப் பெட்டியில் வேறொன்றை வைக்க முயன்றால், நிரல் ஓடுவதற்கு முன்பே, வரி எண்ணோடு பிழைச் செய்தி வரும். வாசலிலேயே தடுத்தாயிற்று.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஜி.சி.சி. ஊரார் எழுதும் நிரல்களில் எல்லாம் இனப் பிழைகளைத் தேடிப் பிடிக்கும். தன் சொந்த அட்டவணைகளிலோ பல ஆண்டுகள் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். திருத்தியவர்கள் அந்தக் குறையைத்தான் நீக்கினார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. 2012-இல் எளிய அட்டவணைகளை ஒவ்வொரு தொகுதியாக மாற்றினார்கள். கம்பைலரின் நினைவகத்தைத் துப்புரவு செய்யும் பகுதியோடு பிணைந்த கடினமான அட்டவணைகளைப் பின்னுக்கு வைத்து, 2014-இல் அவற்றுக்கும் வழி கண்டார்கள். மாற்றங்களைச் சரிபார்க்க ஜி.சி.சி.க்கு ஒரு சிறந்த முறை உண்டு. கம்பைலர் தன்னைத் தானே மூன்று முறை உருவாக்கிக் கொள்ளும். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கிடைத்தவை ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுவார்கள். ஒத்திராவிட்டால் எங்கோ பிழை உண்டு.

இதற்குச் செலவே இல்லை என்று சொல்ல மாட்டோம். 2013 மார்ச்சில் வெளிவந்த 4.8 பதிப்பு முதல், ஜி.சி.சி.யை உருவாக்கச் சி பிளஸ் பிளஸ் கம்பைலர் தேவையாயிற்று. சி மட்டும் பழகியவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பெட்டி வார்ப்பதால் நிரலின் அளவும் கூடலாம். மேலும், இனம் பார்க்கும் பெட்டி எல்லாப் பிழைகளையும் தடுத்துவிடாது. ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பெயரை வைத்தால், இரண்டும் பெயர்களே என்பதால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். ஆகவே சோதித்துப் பார்க்கும் வேலை என்றும் இருக்கும். ஆனாலும் ஒரு வகைப் பிழை முழுவதையும் வாசலில் நிறுத்திவிட்டால், மிச்சமுள்ளவற்றைத் தேட நேரம் கிடைக்கிறது அல்லவா?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று சொன்னால், பொத்தான் அமுக்கும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். எந்தப் பொருளை எங்கே வைப்பது, தவறு நேராமல் எப்படி வைப்பது என்று பொறுமையோடு சிந்திக்கும் வேலை அது. வகுத்தல் கணக்கில் மீதி காணத் தெரிந்த பிள்ளை, ஹாஷ் டேபிளின் முதற்படியை அறிந்துவிட்டது. மாணவர்களே, ஜி.சி.சி.யின் நிரல் முழுவதும் பூட்டுப் போடாமல் வைக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் கட்டணமின்றி அதைத் திறந்து படிக்கலாம், பழகலாம், ஒருநாள் திருத்தியும் தரலாம்.

‘எனக்கு நினைவிருக்கும்’ என்று சொல்லி வைப்பதைவிட, நினைவில்லாதவர் வந்தாலும் தவறு நேராதபடி வைப்பதே சிறந்த ஒழுங்கு. வீட்டுக்கும் அது பொருந்தும், கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.