திருவூடல் தெருவும் குயிலின் குடிசையும்



சாமியும் அம்மனும் சண்டை போட்டுக்கொள்வதற்கென்றே திருவண்ணாமலையில் ஒரு தெரு இருக்கிறது. திருவூடல் தெரு. பிருங்கி முனிவரால் வந்த வினை. மாட்டுப் பொங்கலன்று உண்ணாமுலையம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அண்ணாமலையார் மறுநாள் தனியாகக் கிரிவலம் வந்து, மறுவூடலில் சமாதானம் ஆகிறார். ஊர் ஜனம் கூடி நின்று பார்க்கிறது. புருஷன் பெண்சாதி சண்டைதானே, இதில் என்ன வெட்கம்?

கோபித்துக்கொள்ளக்கூட பாத்தியதை இல்லாத இரண்டு பேர் இருந்தால்?

1985-இல் பாரதிராஜா எடுத்த ‘முதல் மரியாதை’ அப்படிப்பட்டவர்களின் கதை. மாமன் மானத்தைக் காப்பாற்றத் தாலி கட்டிய ஊர்ப் பெரியவர் மலைச்சாமியாக சிவாஜி கணேசன். பிழைக்க வந்த படகுக்காரப் பெண் குயிலாக ராதா. குரல் மட்டும் ராதிகாவுடையது. மனைவி பொன்னாத்தாவாக வடிவுக்கரசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சோறு போடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமக்கே தொண்டையில் இறங்காது. அதே மனிதர் குயிலின் குடிசையில் மீன்குழம்பை ருசித்துச் சாப்பிடுகிறார். இந்த இரண்டு சாப்பாட்டையும் பார்த்த பிறகு வசனம் எதற்கு?

பாட்டுக்கு மட்டும் குறைவில்லை. இளையராஜா இசையில், சிவாஜிக்காக மலேசியா வாசுதேவன் பாடினார். வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருது வந்ததும் இந்தப் படத்துக்குத்தான்.

இதற்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி பிரான்ஸில் ஒரு படம் உண்டு. ஸ்தெஃபான் பிரிஸே 2009-இல் எடுத்த ‘மதமுவாசெல் ஷம்போன்’. ழான் ஒரு கொத்தனார். மகனுடைய டீச்சர் வீட்டு ஜன்னலை மாற்றிக் கொடுக்கப் போகிறார். அங்கே ஒரு வயலின். வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். டீச்சர் கூச்சப்பட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்கிறாள். அவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் காட்சி. ஒரு வேடிக்கை: இந்த ஜோடியாக நடித்த வின்சென்ட் லின்டனும் சாந்த்ரின் கிபெர்லனும் நிஜத்தில் கல்யாணம் செய்து பிரிந்தவர்கள். ஊடலையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தவர்கள்!

கடைசியில் கொத்தனார் பையோடு ஸ்டேஷனுக்கு வருகிறார். டீச்சர் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். அவர் சுரங்கப்பாதையைத் தாண்டவில்லை. ரயில் போய்விடுகிறது. வீட்டுக்குத் திரும்புகிறார்.

மலைச்சாமியின் கதையில் வர வேண்டியவள் குயில். அவருடைய குடும்ப மானத்துக்காகக் கொலை செய்துவிட்டு ஜெயிலுக்குப் போனவள். அவர் கட்டிலில் கிடக்கிறார். உயிர் போக மாட்டேன் என்கிறது. அவள் வருகிறாள். ஊர் ஜனம் கூடி நின்று பார்க்கிறது.